விருந்தாளிக் கூறு

மாப்ள,

இன்று பக்ரீத். காலையிலிருந்தே நான் வாசலில் குந்தி ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் ஸ்கூட்டர் துடைக்கிற ஆள் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு, "என்ன சார், வண்டியக் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். சுத்தம் சோறு போடும் என்றேன். இன்றைக்கு எனக்குச் சோறு போடவேண்டியது சுத்தம் அல்ல, தெருமுனையில் திரும்பி வரவேண்டிய ஒரு தூக்குவாளி என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நீ இல்லாமல் வருகிற முதல் பக்ரீத். உன் வீட்டிலிருந்து கறி வருமா வராதா என்று நேற்றிலிருந்து எனக்குள் ஒரு பட்டிமன்றம். வரும் என்ற அணிக்கு நான் தலைவர். வராது என்ற அணிக்கும் நானே தலைவர். வீட்டம்மா நடுவராக இருந்து தீர்ப்புச் சொன்னாள்: "வராது. அவங்க இருக்குற நெலமையில நாம எதிர்பாக்கவும் கூடாது. வரலைன்னா நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியவும் கூடாது." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் மிளகையும் சோம்பையும் வறுக்க ஆரம்பித்தாள். அந்த வாசனை வாசல்வரை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. தீர்ப்புச் சொன்ன கையே மசாலா வறுக்கிறது என்றால் மேல்முறையீட்டுக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

வெயில் ஏறியபோது உன் மகள் வந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "மாமா, அம்மா குடுத்தாங்க. இன்னும் ரெண்டு மூணு வீட்டுக்குப் போகணும், வாரேன்" என்று தூக்குவாளியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வருடா வருடம் இருக்கிற அதே கனம். நான் அதை ஏந்தியபடி கொஞ்ச நேரம் நின்றேன். எதிர்வீட்டுக்காரருக்கு இப்போது ஸ்கூட்டர் விவகாரம் விளங்கியிருக்கும். மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

அந்தத் தூக்குவாளியை வாங்கும்போதெல்லாம் உன்னிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன், ஞாபகம் இருக்கிறதா? குர்பானிக் கறியை மூன்று பங்கு வைப்பீர்கள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று சொந்தபந்தம் சிநேகிதர்களுக்கு, ஒன்று இல்லாதவர்களுக்கு. "மாப்ள, நான் எந்தப் பங்கு?" என்று கேட்பேன். நீ ஒரு வருடமும் நேராகப் பதில் சொன்னதில்லை. "நீ பத்திரிகையில எழுதுற ஜோக்கப் படிச்சவன் எவனும் உன்னைச் சிநேகிதன்னு வெளிய சொல்ல மாட்டான். இல்லாதவன்னு சொன்னா உன் கடையில இருக்குற மோட்டாரெல்லாம் கோவிச்சுக்கும். பேசாமத் தின்னு" என்பாய். இன்று அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. ஹெல்மெட் போட்ட பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? விழுங்கிவிட்டேன்.

உன் வீட்டுத் தூக்குவாளி என்று நாம் சொன்னாலும், அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிற பெயர் பேச்சியம்மாள். பேச்சியம்மாள் என் மதினி. சோழவந்தானில் கொடிக்கால் வைத்து வெற்றிலை பயிர் செய்கிற முத்தையா அண்ணனின் மனைவி. முத்தையா அண்ணன் என் பெரியப்பா மகன். அந்த வீட்டுப் பாத்திரம் எப்படி மதுரையில் ஒரு விலங்கியல் பேராசிரியர் வீட்டுக் கறியைச் சுமக்க ஆரம்பித்தது என்பது உனக்குத் தெரிந்த கதை. தெரிந்த கதையைத் தெரிந்தவனிடமே திரும்பத் திரும்பச் சொல்லித்தானே நம் சிநேகிதம் இத்தனை காலம் ஓடியது. ஆகவே உட்கார். டீ சொல்கிறேன்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற என் பம்புசெட் கடைக்கு நீ முதலில் வந்தது, உன் வீட்டு மோட்டார் ஓடுகிறது, தண்ணீர்தான் ஏறவில்லை என்று சொல்வதற்காக. நான் அதைக் காதில் வாங்காமல், பக்கத்து லாட்ஜ் மேனேஜருக்கும் அவருடைய மச்சானுக்கும் அன்று காலையில் நடந்த சண்டையை முழுதாகச் சொல்லி முடித்தேன். முன்பின் தெரியாத ஆளிடம். நீ தலையைச் சாய்த்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தபடி ஒரு வரி விடாமல் கேட்டாய். முடிந்ததும் ரொம்பத் திருப்தியோடு சொன்னாய்: "சார், நீங்க எனக்குப் பேன் பாக்குறீங்க."

என் கை தானாகத் தலைக்குப் போனது. பேன் குடியிருக்கப் புறம்போக்கு நிலம்கூட இல்லாத தலை. நீ சிரித்து, விளக்கம் சொன்னாய். குரங்கு குரங்குக்குப் பேன் பார்ப்பது பேனுக்காக மட்டும் இல்லையாம். நீ என் ஆளு, நான் உன் ஆளு என்று விரலால் சொல்வதாம். கூட்டம் பெருத்துப்போனால் ஒவ்வொரு முதுகாக உட்கார்ந்து தடவிக்கொண்டிருக்க நேரம் ஏது? அதனால்தான் நம் முன்னோர்கள் வாயைத் திறந்தார்கள், ஒரு வம்பைப் பேசினால் ஒரே நேரத்தில் நாலைந்து முதுகைத் தடவின மாதிரி என்று ஆராய்ச்சிக்காரர்களில் ஒரு சாரார் சொல்கிறார்களாம். பள்ளிக்கூடத்திலிருந்து கல்யாணப் பந்திவரை எல்லோரும் திட்டித் தீர்த்த என் ஒரே பழக்கத்துக்கு இப்படி ஒரு பழமையான வம்சாவளி இருக்கிறது என்று சொன்ன முதல் மனிதன் நீ. உன் மோட்டாருக்குப் புது வாஷர் போட்டு, என் கையாலேயே மாட்டிக் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் சார் போய் மாப்ள வந்தது. நீ எனக்கு மாப்ள, நான் உனக்கு மாப்ள. அதனால் உன் மனைவி எனக்குத் தங்கச்சி, என் மனைவி உனக்குத் தங்கச்சி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தக்காரர்களைப் போல நாம் ஒருவர் வீட்டில் ஒருவர் அதிகாரம் பண்ணினோம். அதையும் நீ உன் படிப்புக்குள் இழுத்துவிட்டாய். "பொறக்காத தங்கச்சியக் கட்டிக் குடுத்து உறவு உண்டாக்குற ஒரே மிருகம் மனுசந்தான் மாப்ள" என்பாய்.

டீக்கடையில் நீ பேசியதையெல்லாம் எழுதி வைத்திருந்தால் நான் இன்று அறிஞன். எழுதவில்லை. நடுவில் நான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனாலும் சிலது ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனசாட்சி என்றால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னாய்: "நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு பயப்படுறோம்ல? அந்த நாலு பேரு வெளிய நின்னுக்கிட்டே இருந்தாக் கால் வலிக்கும்ல? உள்ள வந்து உக்காந்துட்டாங்க. அதான் மனசாட்சி." அதிலிருந்து யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும், "நாலு பேரு நாலு பேருன்னு சொல்வாங்கள்ல, அதுல இவர் ஒருத்தர்" என்று சொல்ல ஆரம்பித்தாய். பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை தொப்பியைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கும் போவாய், திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளுக்குப் பரிணாமமும் நடத்துவாய். இது எப்படி என்று உன்னை மடக்கப் பார்த்தேன். நல்லது கெட்டது மேலே இருந்து இறங்கி வந்ததா, குரங்கிடமிருந்து ஏறி வந்ததா, ஒன்றைச் சொல் என்றேன். "எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் இறங்குற படியில நிக்கிறாரு. நான் ஏறுற படியில நிக்கிறேன். மாடி ஒண்ணுதான். எங்கயாவது பாத்துக்குவோம், இன்ஷா அல்லா" என்றாய். ஹஜ்ரத்தும் உன்னைக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. உன்னைவிட அவர்தான் உன் குரங்குக் கதைகளை அதிகம் கேட்டவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அழகர் மலைக்கு என்னை நீ இழுத்துக்கொண்டு போன அந்த நாளைத்தான் இங்கே சொல்லவேண்டும், பிற்பாடு நடந்ததற்கு அதுதான் அடிப்படை. நீ குரங்கு பார்க்க வந்தாய். நான் தோசைக்காக வந்தேன். கோயில் தோசையை வாங்கிப் படியில் உட்கார்ந்து முதல் வாய் பிட்டேன். ஒரு பெரிய கடுவன் குரங்கு வந்து, என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், தோசையை முழுதாக எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் உட்கார்ந்தது. நான் அதன் பரம்பரையையே திட்டினேன். நீ என் கையைப் பிடித்து அமர்த்தி, அங்கே பார் என்றாய்.

முன்னங்கை சூம்பிப்போன இளங்குரங்கு ஒன்று, எந்தச் சண்டையிலும் ஜெயிக்க முடியாதது, சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து வந்தது. கடுவனின் காலடியில் கிடந்த துண்டைத் தொட்டது. பின்வாங்கியது. மறுபடி தொட்டது. கடுவன் நினைத்திருந்தால் ஒரு கடியில் முடித்திருக்கும். அது என்ன செய்தது? கழுத்தைத் திருப்பி, ரொம்ப அக்கறையாக மலையைப் பார்த்தது. அந்த மலையில் அப்படிப் பார்ப்பதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. துண்டு போய்விட்டது. அதன் பிறகுதான் கடுவன் இந்தப் பக்கம் திரும்பியது.

"பாத்தியா? குடுக்கல. விட்டுச்சு" என்று என் காதோரம் சொன்னாய். "தானம், தர்மம் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது மாப்ள. மொதல்ல வந்தது கண்டுக்காம விடுறது."

அது என் தோசை, கொடுத்தது நான், புண்ணியம் மட்டும் கடுவனுக்கா என்று நான் கேட்டேன். நீ சிரித்துச் சிரித்துப் படியில் சரிந்துவிட்டாய். மலையேற வந்த ஒரு குடும்பம் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தது.

இனி முத்தையா அண்ணன்.

எங்கள் குலசாமி கோயில் சோழவந்தானுக்கு அந்தப் பக்கம், வயல்வெளியில் இருக்கிறது. மாசியில் கும்பிடு. கிடா வெட்டி, எல்லாக் கிடாக் கறியையும் ஒன்றாகக் கலந்து, தலைக்கட்டுக்கு ஒரு கூறு என்று வைப்போம். கல்யாணமான ஒவ்வொரு பங்காளியும் ஒரு தலைக்கட்டு. அந்தக் கூறு கிடைத்தால்தான் நீ எங்கள் ஆள். கறிக்கடையில் எத்தனை கிலோ வேண்டுமானாலும் வாங்கித் தின்னலாம், பனை ஓலையில் வைத்த அந்த ஒரு கூறுக்கு ஈடாகாது.

முத்தையா அண்ணனுக்கு அந்தக் கூறு நின்றுபோனதற்குக் காரணம் ஒரு ஒலிபெருக்கி. ஒரு மாசியில் கோயில் குழாய் ரேடியோவை அவர் வீட்டைப் பார்க்கக் கட்டிவிட்டார்கள். அவர் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. சத்தத்தைக் குறையுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. போலீசுக்குப் போன் போட்டுவிட்டார். அவர்கள் வந்து ஆம்ப்ளிஃபயரையே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாமி கும்பிடுகிற இடத்துக்குப் போலீசைக் கூட்டி வந்தவனுக்குக் கூறு கிடையாது என்று பூசாரிச் சித்தப்பா சொல்லிவிட்டார். பூசாரிச் சித்தப்பா என் அப்பாவுக்கும் முத்தையா அண்ணனின் அப்பாவுக்கும் கடைசித் தம்பி. கும்பிட்டுக்கு அவர் சொல்தான்.

இதில் வேடிக்கை என்ன என்றால், அண்ணனோடு பேச்சை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது. ஊரில் எந்த வீட்டில் என்ன நடந்தது என்று என்னைவிட அதிகம் தெரிந்த ஒரே ஆள் அவர். கல்யாணத்துக்கு அழைப்பார்கள், அவர் மோட்டாரை இரவல் வாங்குவார்கள், பூசாரிச் சித்தப்பாவின் வாய் சிவப்பதே அண்ணன் கொடிக்கால் வெற்றிலையில்தான். கூறு போடுகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவர் இல்லாத ஆள். காலையிலேயே வந்து விறகு பிளப்பார், வெங்காயம் உரிப்பார், பிள்ளைகளை அதட்டுவார். பெயர் கூப்பிட ஆரம்பித்ததும் எழுந்துபோய், சற்றுத் தள்ளி மேட்டில் நிறுத்திய தன் மோட்டார் சைக்கிளில் ஏதோ ரிப்பேர் பார்ப்பார். ஒரு மாசியில் நான் அந்தப் பக்கம் ஒதுங்கியபோது பார்த்தேன். வண்டியின் பக்கப் பையில், மஞ்சள் துணியில் சுற்றி, மதினி பெயர் வெட்டிய புதுத் தூக்குவாளி. காலியாக. ஒருவேளை கூப்பிட்டால் என்று வருடா வருடம் கொண்டு வருகிறார்.

இதை நான் உன்னிடம் டீக்கடையில் சொன்னேன். வம்பாகத்தான் சொன்னேன். நீ டீயை ஆறவிட்டாய். கடைசியில், வருகிற மாசிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று மட்டும் சொன்னாய்.

கூட்டிக்கொண்டு போனேன். குரங்கை ஆராய்ச்சி பண்ணுகிற காலேஜ் வாத்தியார் என்று சொன்னதுதான் தப்பாகிவிட்டது. பங்காளிகள் அதை மாட்டு டாக்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். போய் இறங்கிய கொஞ்ச நேரத்துக்குள் உன்னை ஒரு தொழுவத்தில் நிறுத்தி, தீனி எடுக்காத பசு ஒன்றைக் காட்டினார்கள். நீ அதன் கண்ணைப் பார்த்தாய், வயிற்றைத் தொட்டாய், தண்ணீர் காட்டுங்கள், வெயிலில் கட்டாதீர்கள் என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னாய். சாயங்காலத்துக்குள் பசு தீனி எடுத்துவிட்டது. அந்த ஊரில் இன்றும் நீ கைராசிக்கார டாக்டர்தான்.

கூறு போடுகிற இடத்தில் நீ குந்தி உட்கார்ந்து பார்த்தது எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. பனை ஓலைகளைப் பரப்பி, அதில் வரிசையாகக் கறியைக் குவித்து, ஒவ்வொரு குவியலிலும் ஈரல் விழுந்ததா, கொழுப்பு விழுந்ததா, எலும்பு கூடிப்போச்சா என்று விரலால் தள்ளித் தள்ளிச் சரிக்கட்டிக்கொண்டிருந்தார் சித்தப்பா. எல்லோரும் எடுத்தபின் கடைசியில் மிஞ்சுவதுதான் கூறு போட்டவருக்கு. "கத்தி பிடிச்சவனுக்குக் கடைசிக் கூறா?" என்று என்னிடம் மூன்றாம் தடவையாகக் கேட்டாய். ஆமாம் என்றேன். உனக்குக் கண் கலங்கிவிட்டது. "இது எத்தனை ஆயிரம் வருசமோ மாப்ள. பலசாலியெல்லாம் புடுங்கித் தின்னுக்கிட்டிருந்த காலத்துல எவனோ ஒருத்தன் கத்தியக் கையில வச்சுக்கிட்டு, நான் கடைசியா எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கான் பாரு." பக்கத்தில் இருந்த பங்காளி ஒருவன், டாக்டருக்கு ஆட்டைப் பார்த்துப் பாவமாகிவிட்டது போல என்று ஆறுதல் சொன்னான்.

பெயர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். அண்ணன் எழுந்து வண்டிப் பக்கம் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியூர்க்காரர் யாராவது அந்த நேரத்தில் அங்கே இருந்தால் அவருக்கும் ஒரு கூறு வைப்பது எங்கள் வழக்கம். விருந்தாளிக் கூறு. அதை மறுப்பது சாமியை மறுப்பது மாதிரி. உனக்கோ அந்தக் கறி ஆகாது, ஓதி அறுத்தது இல்லை. வீட்டம்மா உனக்கென்று எலுமிச்சம் சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் இந்த ஒன்றை யோசிக்கவில்லை. நான் சித்தப்பாவை நோக்கி ஓடுவதற்குள் அவர் சத்தமாகவே கூப்பிட்டுவிட்டார். "வாத்தியாரய்யா, வாங்க. ஒங்க கூறு."

நீ எழுந்து போனாய். இரண்டு கையாலும் ஓலையோடு வாங்கினாய். திருப்பிக் கொடுத்தால் பெரிய வருத்தம். கொண்டுபோய் எங்காவது போட்டால் அதைவிடப் பெரிய வருத்தம். நீ நிதானமாகக் கேட்டாய்: "ஐயா, இந்தக் கூற நான் என்ன வேணாலும் செய்யலாமா?"

சித்தப்பாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "ஒங்க கூறுங்கய்யா. ஆக்கித் திங்கலாம், காயப் போட்டு உப்புக்கண்டம் வைக்கலாம். கையில வாங்கிட்டா ஒங்களுது. அதுக்கு மேல கேக்க சாமிக்கே பாத்தியம் கெடையாது. அம்புட்டுத்தேன்."

நீ திரும்பி நேராக நடந்தாய். வெயிலில், செருப்பில்லாமல், ஓலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து நல்ல ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மதினி வெங்காயக் கூடையோடு பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, எனக்கு இந்தக் கறி ஆகாது. வீணாக்கவும் மனசில்ல. ஒங்ககிட்ட ஏனம் எதுவும் இருக்கா?"

அண்ணன் உன்னைப் பார்த்தார். அவர் யோசிப்பதற்கு முன்னால் அவர் கை பைக்குள் போய்விட்டது. மஞ்சள் துணி அவிழவில்லை. மதினிதான் பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்தாள். மூடியைத் திறக்கும்போது அது அண்ணன் கைநழுவிக் கீழே விழுந்து, சக்கரமாக உருண்டு, கூறு வைத்த ஓலைகளின் பக்கமே வந்து, சித்தப்பாவின் கால் பெருவிரலில் முட்டிக் கிடந்தது.

அத்தனை பங்காளிகளும் சித்தப்பாவைப் பார்த்தோம். பேசாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன் என்றால் நிலைமையை நீ புரிந்துகொள்வாய். அவர் மூடியைப் பார்த்தார். வண்டிப் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து மூடியை எடுத்து, அதைத் தன் வேட்டியில் துடைத்து, கழுத்தைத் திருப்பி வயல்வெளியைப் பார்த்தார். ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். அறுவடை முடிந்த வயல், அதில் ஒரு கொக்குகூட இல்லை. பார்த்துக்கொண்டே கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினார். மதினி ஓடி வந்து வாங்கிக்கொண்டாள்.

"என்னடா வேடிக்கை?" என்றார் எங்களிடம். "அடுத்த ஆளக் கூப்புடு."

கடுவன், மாப்ள. அதே கடுவன். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. நீயும் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்று எங்கள் வீடுகளிலேயே முதலில் குழம்பு கொதித்தது அண்ணன் வீட்டில்தான். உனக்கு எலுமிச்சம் சாதத்தின் மேல் மதினி இரண்டு முட்டையை அவித்து வைத்தாள். கிளம்பும்போது அண்ணன், கழுவித் துடைத்த அந்தத் தூக்குவாளி நிறைய இளங்கொழுந்து வெற்றிலையை அடுக்கி உன் மடியில் வைத்தார். உனக்குக் கல்லூரி மாணவர்களுக்குத் தெரியாமல் வெற்றிலை போடுகிற பழக்கம் உண்டு என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்காதே. நாலு பேர் சொல்லியிருப்பார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில், எல்லாம் திட்டம் போட்டுத்தான் செய்தாயா என்று கேட்டேன். நீ பாக்கைத் தேடிக்கொண்டே, "கூறு வாங்கித் திங்க முடியாத ஆள் ஒருத்தன் தேவைன்னு உங்க சாமிக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாய். இன்றுவரை எனக்கு அதற்குமேல் விவரம் கிடைக்கவில்லை. நான் தோற்ற ஒரே விசாரணை அது.

அடுத்த மாசியில் சித்தப்பா வரிசையில் முத்தையா என்று கூப்பிட்டார், முந்தின வருடமும் கூப்பிட்டவர் மாதிரி. யாரோ ஒரு இளவட்டம் முணுமுணுத்ததற்கு, "போன வருசமே வாங்கிட்டான்லடா. இனி எங்கிட்டு நிறுத்துறது?" என்று அதட்டினார். இதை உன்னிடம் வந்து சொன்னபோது நீ டீக்கடை பெஞ்சில் தட்டிக்கொண்டு சொன்னாய்: "ஒரு தடவை நடந்தாக் கோளாறு. ரெண்டு தடவை நடந்தா வழக்கம். மூணு தடவை நடந்தா சாமி சொன்னது." இப்போது எங்கள் கும்பிட்டில் ஒரு புது வழக்கம் இருக்கிறது. விருந்தாளிக் கூறை விருந்தாளி தின்னக்கூடாது, யாருக்காவது கொடுக்கவேண்டும். போன மாசியில் வந்த ஒரு மின்வாரியக்காரரிடம் என் பங்காளி ஒருவன், இது எங்கள் பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம் என்று சத்தியம் பண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் மறுக்கவில்லை. வழக்கம் இப்படித்தான் உண்டாகிறது என்று என் சொந்தக் கண்ணால் பார்ப்பதற்கு எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது?

அந்தத் தூக்குவாளியைத்தான் நீ காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று பக்ரீத் கறியை வைத்து என் வீட்டுக்கு அனுப்பினாய். நான் காலியாகக் கொடுக்கக் கூடாது என்று அதிரசத்தை வைத்து அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். அண்ணன் வெற்றிலையை வைத்து உனக்கு. அன்றிலிருந்து அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. கழுவுகிற நேரம் தவிர அது காலியாக இருந்ததே இல்லை. பேச்சியம்மாள் மதினி தன் பெயரை வெட்டின பாத்திரத்தைத் தன் வீட்டில் பார்ப்பதே அபூர்வம்.

நீ போனது ஒரு மழைநாளில். உன்னைக் கிடத்திய சந்தூக்கைத் தோள் மாற்றி மாற்றித் தூக்கிப் போனோம். என் முறை வந்தபோது பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டி இடம் கேட்டது. திரும்பினால் அண்ணன், தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு. அவருக்குப் பின்னால் பூசாரிச் சித்தப்பா. இதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுதினால் நீ கோபிப்பாய்.

ஆனால் இதைச் சொல்லவேண்டும். நீ போனபிறகும் வழக்கம்போல வெள்ளிக்கிழமை தோறும் சோழவந்தான் பஸ்ஸில் உனக்கான வெற்றிலைக் கட்டு என் கடைக்கு வந்துகொண்டிருந்தது. மறதியாக அனுப்புகிறாரோ என்று அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் இல்லையே அண்ணே என்றேன். "தெரியும்டா. வெத்தலை வந்துச்சா, இல்லையா? அதச் சொல்லு" என்றார். கொண்டுபோய்த் தங்கச்சியிடம் கொடுத்தேன். அவள் வெற்றிலை போடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் போடுவார்கள். தங்கச்சி வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே இருந்த அந்த இத்தா மாதங்களில், வெள்ளிக்கிழமை வெற்றிலை வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு அவர்கள் உள்ளே வருவார்கள். வந்தால் எழ மாட்டார்கள். தெருவில் நடக்கிற அத்தனையும் உன் வீட்டுக் கூடத்தில் அலசப்படும். ஒரு நாள் நான் கட்டைக் கொடுத்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே தங்கச்சி சிரிக்கிற சத்தம் கேட்டது. நீ போனபின் முதல் தடவை. யாரோ அவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள் மாப்ள.

இன்று சாயங்காலம் தூக்குவாளியைக் கொண்டுபோனேன். கழுவி, வீட்டம்மா சுட்ட அதிரசத்தை நிறைத்து. முறைப்படி அது அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும். இந்த ஒரு தடவை திசை மாறினால் குடிமுழுகாது என்று உன் வீட்டுக்கே கொண்டுபோனேன். தங்கச்சி டீ கொடுத்தாள். கறி எப்படி என்று கேட்டாள். நான் தட்டோடு தின்றேன் என்றேன். பிறகு கேட்டுவிட்டேன். எத்தனை நாள்தான் விழுங்கி வைப்பது?

"ஏம்மா, நீங்க அனுப்புறீங்களே, அது எந்தப் பங்கு? அவன்கிட்ட எத்தனையோ தடவை கேட்டேன். சொல்லாமலே போயிட்டான்."

தங்கச்சி அதிரசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டே சொன்னாள். "வீட்டுப் பங்குலேருந்துதாண்ணே. எப்பவும் அதுலேருந்துதான் மொதல்ல எடுத்து வைப்பாரு. அவன்கிட்ட மட்டும் சொல்லிறாத, சொன்னா அதையும் எழுதிப்புடுவான்னாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஊரில் ஒரு முகம் வாடினால் காரணத்தைத் தோண்டி எடுக்காமல் விடாத நான், சுவரில் தொங்கிய நாட்காட்டியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. என் கண்ணாடிக்குள் விரலை விட்டு நான் எதையோ துடைத்தபோது, அவளும் அதே நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் தூக்குவாளியைக் கழுவி, துடைத்து, பேரீச்சம்பழத்தை நிறைத்து, மூடியை அழுத்தி என்னிடம் கொடுத்தாள். பேச்சியம்மாள் மதினிக்காம். ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான் போகவேண்டும். காலையில் துடைத்த ஸ்கூட்டரின் முன் கொக்கியில் அதை மாட்டிக்கொண்டு வந்தேன். பள்ளம் மேட்டில் அது என் முழங்காலை முட்டி முட்டிக் கொண்டே வந்தது, நீ பேச்சின் நடுவில் முட்டுவாயே, அது மாதிரி.

தங்கச்சியைக் கோபிக்காதே. நீ சொன்னது சரிதான், எழுதிவிட்டேன்.